வலது கையால் ஏற்றிய கல்யாணம்

ஒரு பத்திரிகையில், பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. கொஞ்சம் நரைத்திருக்கிறது, அதை நம்பி ஒப்புக்கொண்டேன்.

உண்மையில் ஓய்வு பெற்றது நான் இல்லை, என் வேலை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் செய்துவந்த வேலை இதுதான்: கடைக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள் என்று பலருக்கும் செய்த வலைப்பக்கங்களை எங்கள் கணினியிலிருந்து எடுத்து, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்கு அனுப்புவது. கடையில் அதை 'ஏத்தறது' என்போம். திரும்ப எடுப்பது 'எறக்கறது'. லாரி ஆபீஸ் என்று நினைத்து உள்ளே வந்து, புதுச்சேரிக்கு மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்டவர்களும் உண்டு.

இப்போது ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் இருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "ஃபைல எதுக்குக்கா கையால ஏத்தணும்? அது தானா போவாதா?" இப்போதெல்லாம் போகிறதுதான். செல்போனில் படம் எடுத்தால், நாம் கேட்காமலே அது எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். பதில் ஒரு வரியில் நிற்கவில்லை.

நான் படித்தது பாலிடெக்னிக். மூன்று வருடப் படிப்பில் மனத்தில் தங்கியவை: சி மொழி, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் எடுப்பது, மின்சாரம் போவதற்கு முன் விசிறியின் சத்தம் மாறும் என்பது. மூன்றுமே பின்னால் பயன்பட்டன, மூன்றாவது அதிகமாக.

வேலைக்குப் போன இடம் விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்த மாடி. முதலாளி கலியமூர்த்தி சார். டி.வி. ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், கணினிக்கு மாறி, அதிலிருந்து வலைத்தளத்துக்கு வந்திருந்தார். விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இடக்கையாம்மா?"

ஆமாம் என்றேன்.

"சாப்பிடறது?"

"வலது கை சார்."

"அப்ப சரி. திங்கக்கெழம வந்துடு."

நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். என் மதிப்பெண் பட்டியலை அவர் திறக்கவே இல்லை.

நான் சேர்ந்தபோது, ஏற்றும் வேலை ஒரு கறுப்புத் திரையில் நடந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து, கோப்பு கோப்பாக அனுப்ப வேண்டும். படங்களை அனுப்பும் முன் அதற்கென்று ஒரு சொல் அடிக்க வேண்டும். அதை மறந்தால் படம் போய்ச் சேரும், ஆனால் சிதைந்து சேரும். ஒரு நகைக்கடையின் வளையல்கள் எல்லாம் முறுக்குபோல் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் அதைப் புது டிசைன் என்று நினைத்து எங்களிடமே விலை கேட்டார்.

அப்போதுதான் ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், கோப்பு ஏற்றும் ஒரு மென்பொருள் இருந்தது. கட்டளை எதுவும் வேண்டாம். திரையில் இரண்டு கட்டங்கள். இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர். இங்கிருப்பதை மவுஸால் பிடித்து அங்கே இழுத்துப் போட்டால் போதும். அரை நாள் வேலை, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

கலியமூர்த்தி சார் இரண்டு காரணங்களுக்காக அதைத் தொட மறுத்தார்.

முதல் காரணம், அது இலவசம். "சும்மா குடுக்கறான்னா உள்ள என்னமோ வெச்சிருக்கான்" என்றார். ஒரு கணினியில் மட்டும் நிறுவி, அது என்ன செய்கிறது என்று ஒரு வாரம் எட்ட நின்று கவனித்தார். அது ஒன்றும் செய்யவில்லை. பிறகு, எல்லோரும் படிக்காமலே 'சம்மதம்' அழுத்தும் அந்த நீண்ட ஒப்பந்தத்தை ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். உலகத்தில் அதைப் படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். எழுதினவர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். கடைசியில், விருப்பமிருந்தால் நன்கொடை அனுப்பலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"கேக்கறாங்கம்மா. அப்ப நல்லவங்கதான்."

இரண்டாவது காரணம் பெரியது. திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது தப்பாக இருக்கிறது என்றார். எங்கே தப்பு என்று கேட்டேன்.

"குடுக்கறவங்க நாம. நாம எந்தப் பக்கம் இருக்கறோம்? எடப்பக்கம். எடக்கையில யாரும்மா குடுப்பாங்க?" சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தார். "உன்னச் சொல்லல" என்றார்.

அவரைப் பொறுத்தவரை ஏற்றுவது என்பது பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்வரிசை போவது மாதிரி. நம் வீட்டில் செய்து, துடைத்து, அடுக்கி, இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிறோம். இடது பக்கத்திலிருந்து அனுப்பினால் போகிற இடத்தில் அது எப்படி வாழும்? இதற்கு எந்தத் தொழில்நுட்பப் புத்தகத்திலும் பதில் கிடையாது. அவர் மறுபடி கறுப்புத் திரைக்கே போய், கோப்பு கோப்பாக அடிக்கத் தொடங்கினார். நாங்கள் டீயை ஆறவைத்துக் குடித்தோம்.

ஆனால் அவர் ரிப்பேர்க்காரர். எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார். ஒரு நாள் அந்த மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனவர், திடீரென்று மிக மெதுவான குரலில் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி. திரும்பிடுச்சு பாரு."

இரண்டு கட்டங்களையும் இடம் மாற்றிக்கொள்ள அதில் ஒரு வசதி இருந்தது. ஒரே ஒரு டிக். எங்கோ ஒரு நாட்டில் முகம் தெரியாத ஒருவர், எந்தக் காரணத்துக்காகவோ அந்த வசதியை வைத்திருக்கிறார். அது நமக்காகத்தான் என்று கலியமூர்த்தி சார் உறுதியாக நம்பினார். அன்று முதல் விழுப்புரம் கடையில் எல்லாக் கணினிகளிலும் வலப்பக்கம் நாம், இடப்பக்கம் சர்வர். வலமிருந்து இடமாகக் கொடுத்தோம்.

அதோடு அவர் விதிகளும் வந்தன. ஒன்று, ஏற்றும் முன் கை கழுவ வேண்டும். இரண்டு, ஏற்றுகிறவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மூன்று, கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அவர் மட்டும் அதை முணுமுணுத்துக்கொண்டேதான் அடிப்பார், அதனால் கீழே ஜெராக்ஸ் கடைக்கும் தெரியும். நான்கு, கோப்பின் பெயரில் இடைவெளி கூடாது, பெரிய எழுத்து கூடாது. ஐந்து, எந்த வாடிக்கையாளருக்கும் முதல் ஏற்றம் அவர் கையால். ஆறு, 'சரி' என்ற பொத்தானை அழுத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு, ஏறி முடிந்த சத்தம் கேட்ட பிறகுதான் திறக்க வேண்டும். இவற்றில் நான்காவது மட்டும் தொழில்நுட்பம். மாணவர்களுக்கு நான் அதை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பிறகு திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்தார். கிளை என்றால் ஓர் அறை, ஒரு கணினி, நான். காலையில் விழுப்புரத்தில் ரயில் ஏறினால் மயிலம் தாண்டும்போது சாப்பாட்டுக் கூடை திறக்கும் வாசனை வரும், அடுத்து திண்டிவனம். அங்கே மவுஸை என் வசதிக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டேன். மென்பொருளையும் அது பிறந்தபடியே, இடப்பக்கம் நாம், வலப்பக்கம் சர்வர் என்று விட்டுவிட்டேன்.

கலியமூர்த்தி சார் முதல் முறை வந்தபோதே அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "உன் கைக்கு அதுதான் வலது பக்கம். இருக்கட்டும். நான் வர்றப்ப மாத்திக்கறேன்" என்றார். வரும்போதெல்லாம், வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, முதல் வேலையாகக் கட்டங்களை மாற்றுவார். போகும்போது செருப்பை மாட்டும் முன் மறுபடி எனக்காகத் திருப்பி வைப்பார். இவ்வளவு ஒழுங்கான மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் முதல் வாடிக்கையாளர் ஒரு மோட்டார் பம்ப்செட் கடைக்காரர். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் போய் இருபத்து நான்கு படங்கள் எடுத்தோம். அதனால் எல்லா மோட்டார்களும் சந்தனம், குங்குமம், மாலையோடு இருந்தன. ஒன்றை மட்டும் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி தெரிய, குறுக்கே அறுத்து வைத்திருந்தார். இன்னொரு மேடை காலியாக இருந்தது. அதில் இருந்த மோட்டார் அன்று காலையில்தான் விற்றுப்போனதாம். வெறும் மேடையை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டேன். "எடும்மா. யாவாரம் ஆவுதுன்னு தெரிய வாணாமா?" என்றார். எடுத்தேன்.

அதற்கு அடுத்த வருடம் ஏழுமலை வந்தார்.

மயிலம் பக்கத்து விவசாயி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நாமே புரிந்துகொள்ளட்டும் என்பதுபோல் பார்ப்பார். மகளுக்குக் கல்யாணம். மகன் பழனி மஸ்கட்டில் வேலை. கல்யாணத்துக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனக்கு விடுப்பு கிடைக்கும்வரை தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டோம் என்றதால் ஏழுமலை தேதியைக் குறித்துவிட்டார். அன்றிலிருந்து மகன் அப்பாவிடம் சரியாகப் பேசுவதில்லை. போன் வந்தால் அம்மாவைக் கூப்பிடச் சொல்கிறான். கடைசியில் அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறான்: தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுவதையாவது நான் பார்க்க வேண்டும்.

அதற்கும் ஒரே ஒரு நாள்தான். கல்யாணம் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அவன் டவுனுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் உட்கார முடியும். மறுநாள் அவனையும் உடன் தங்கியிருப்பவர்களையும் பாலைவனத்தில் ஏதோ வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே போனால் பல மாதங்களுக்கு எதுவும் கிடையாது. ஆக, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் படங்கள் ஏறியிருக்க வேண்டும்.

ஆல்பத்துக்கான படங்களைப் புகைப்படக்காரர் பழைய வழக்கப்படி ஃபிலிமில் எடுத்தார். அது புதுச்சேரியில் கழுவி வர நாளாகும். பழனிக்காக மட்டும் இரவல் வாங்கிய ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவில் தனியாக எடுக்கச் சொன்னோம். நான் முன்கூட்டியே பக்கத்தைத் தயார் செய்து ஏற்றிவிட்டேன். இருபத்து நான்கு இடங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஏழுமலை சொல்லச் சொல்ல அடித்த தலைப்புகள். படங்கள் வரும்வரை இடம் காலியாக இருந்தால் பக்கம் சரிந்து தெரியும். அதனால் கையில் இருந்த இருபத்து நான்கு மோட்டார்களை அதே பெயர்களில் சர்வரில் வைத்திருந்தேன். இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கட்டும் வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை வைப்பது போல.

வெள்ளிக்கிழமை காலை புகைப்படக்காரர் கேமராவோடு ஓடி வந்தார். செஞ்சியில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டுமாம். கார்டில் இடம் வேண்டும் என்று படங்களைப் பிரதி எடுக்காமல், கார்டிலிருந்தே வெட்டி எங்கள் கணினியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அவற்றை வரிசைப்படுத்தி, மோட்டார்களுக்கு வைத்திருந்த அதே இருபத்து நான்கு பெயர்களைச் சூட்டி முடித்தேன். மோட்டார் போய் மனிதர்கள் வரவேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் கலியமூர்த்தி சார் உள்ளே வந்தார். ஐந்தாவது விதி: முதல் ஏற்றம் அவர் கையால். நான் வைத்த மோட்டார்கள் கணக்கில் சேராது. பின்னாலேயே ஏழுமலையும் தாம்பூலப் பைகளோடு வந்தார். சார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏழுமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட வராமல் போய்விட்டீர்களே என்று ஆரம்பித்துவிட்டார். அந்த உபசாரத்தில் சார் ஒரு செருப்போடு உள்ளே வந்துவிட்டார். மறு செருப்பைக் கழற்றத் திரும்ப வாசலுக்குப் போனார். கட்டங்களை மாற்றும் வேலை அந்த இரண்டு செருப்புகளுக்கும் நடுவில் எங்கோ விழுந்துவிட்டது.

கை கழுவினார். உட்கார்ந்தார். மவுஸை என் பக்கத்திலிருந்து தன் பக்கத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு கட்டங்களிலும் அதே இருபத்து நான்கு பெயர்கள். வலப்பக்கத்தில் இருந்ததை மொத்தமாகப் பிடித்து, மரியாதையோடு இடப்பக்கம் கொண்டுபோனார். இந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதே, அதன் மேலேயே எழுதட்டுமா என்று மென்பொருள் கேட்டது. நல்ல மென்பொருள், இலவசமாக இருந்தாலும் கேட்கும். எல்லாவற்றுக்கும் அப்படியே செய் என்று டிக் வைத்து, 'சரி' அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எங்கே இருந்தேன் என்றால், ஏழுமலை எனக்குத் தாம்பூலப் பை நீட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் கொடுக்கும்போது இடக்கையால் வாங்கிவிடக் கூடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய கவனம். வலது கையை நீட்டி, இடது கையை முழங்கையில் வைத்து, ஒழுங்காக வாங்கினேன். அந்த ஒழுங்கு முடியும்போது கணினி 'டிங்' என்றது.

"ஏறிடுச்சு" என்று சார் கண்ணைத் திறந்தார்.

ஏழுமலை உடனே தன் செல்போனில் மனைவியை அழைத்தார். மனைவி மகனுக்குச் சொன்னாள். நான் வழக்கம்போல் சரிபார்க்கப் பக்கத்தைத் திறந்தேன். மோட்டார். பழைய பக்கமே நிற்கிறது போல என்று புதுப்பித்தேன். மோட்டார். எங்கள் கணினியில் கல்யாணப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். அங்கேயும் மோட்டார்.

என் பாலிடெக்னிக் படிப்பு முழுவதும் அந்த ஒரு கணத்தில் பயன்பட்டது: நான் எதையும் தொடவில்லை.

"சார். கட்டம் மாத்தல" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி பார்த்தார்.

"நான் எங்கேர்ந்து எங்க குடுத்தேன்?"

"சர்வர்லேர்ந்து எடுத்து நமக்கே குடுத்துட்டீங்க சார். கல்யாணத்து மேலேயே."

அவர் சற்று யோசித்தார். "வலது கையாலதான குடுத்தேன்?"

"ஆமாம் சார்."

"அது வரைக்கும் சரி."

அதற்குள் ஏழுமலையின் செல்போன் அடித்தது. பழனி. அப்பாவையே அழைத்திருந்தான். ஏழுமலை போனைக் காதில் வைக்காமல், எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"பாத்தியாடா?"

"பாத்துக்கினுதான் இருக்கறேன்."

"எப்படிடா இருக்காரு மாப்பிள்ள?"

மஸ்கட்டில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பழனி நிதானமாகச் சொன்னான். "கொஞ்சம் குட்டையா இருக்காரு. ஆனா ஒடம்பு இரும்பு மாரி இருக்குது."

"வெவசாயக் குடும்பம்டா" என்றார் ஏழுமலை பெருமையாக.

"மாலையெல்லாம் போட்டுக்கினு, பொட்டு வெச்சிக்கினு ஜம்முனு குந்திக்கினு இருக்காரு. நெத்தியில அஞ்சு ஹெச்பின்னு எழுதியிருக்குது."

ஏழுமலை எங்களைப் பார்த்தார். நாங்கள் சுவரைப் பார்த்தோம். அவரே எழுந்து வந்து திரையின் முன் குனிந்தார். பழனி ஒவ்வொரு தலைப்பாக வாசிக்கத் தொடங்கினான். மணமகன் தன் தந்தையுடன்: ஒரு பெரிய மோட்டார், ஒரு சின்ன மோட்டார், சின்னதுதான் அப்பாவா? மணமகள் தோழியருடன்: நாலு பேர், எல்லோரும் நீல பெயின்ட். மாமன்மார்: மூன்று ஸ்டார்ட்டர் பெட்டிகள், அதில் ஒருவருக்குக் கதவு திறந்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் வேறு குரல்களும் கேட்டன. அறைத் தோழர்கள் கூடிவிட்டார்கள் போல. "தாலி கட்டும் நேரம்னு போட்டிருக்குது. நெஞ்ச ரெண்டா அறுத்து வெச்சிருக்காங்க. உள்ள பூரா செம்புக் கம்பி."

மஸ்கட்டில் ஒரே சிரிப்பு. இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

கலியமூர்த்தி சார் போனுக்கு அருகில் போய், நிமிர்ந்து நின்று பேசினார். தான் யார், இடம் எது, வலம் எது, எது எதன்மேல் விழுந்தது என்று வரிசையாகச் சொல்லி, தப்பு தன்னுடையது என்று முடித்தார். வெளிநாட்டுக் கட்டணத்தில் இவ்வளவு தெளிவான விளக்கத்தை யாரும் கேட்டிருக்க முடியாது. பழனி பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டான்.

"அப்ப தாலி கட்டறத நான் பாக்க முடியாதா சார்?"

புகைப்படக்காரருக்கு நான் முயன்றுகொண்டே இருந்தேன். அவர் போன் எடுக்கவில்லை. பிற்பாடு எடுத்தபோது, கார்டு முழுவதும் காதுகுத்து. அழிந்த கோப்புகளை மீட்கும் இன்னொரு இலவச மென்பொருளை அன்று மாலை ஓடவிட்டதில் ஒரே ஒரு படம் கிடைத்தது. அது புகைப்படக்காரரின் கட்டைவிரல்.

ஆனால் அது மாலையில். இப்போது மதியம். மேஜைமேல் போன் இருக்கிறது. அதில் பழனி காத்திருக்கிறான்.  ஏழுமலை நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தார்.

"பழனி. ஏழாவது மோட்டார எடு."

"எதுக்குப்பா?"

"எடுடா. தாலி கட்டறது. எடுத்தியா? அந்தச் செம்புக் கம்பி இருக்குதே, அங்கதான் பொண்ணு குந்திக்கினு இருந்தா. மேலாக்க ஒரு மூடி இருக்குது பாரு, அது மாப்பிள்ள. கட்டறப்ப அவருக்குக் கை நடுங்கிடுச்சு. மொத முடிச்சு வுழவே இல்ல. அவங்க அக்காக்காரிதான் புடிச்சிக் குடுத்தா."

"நீ எங்க இருந்த?"

ஏழுமலை திரையைக் கவனமாகத் தேடினார். "வலது ஓரமா ஒரு போல்ட்டு தெரியுதா? அங்க நின்னுக்கினு இருந்தேன்."

"அழுதியா?"

"ஓமப் பொகடா."

அந்த மனிதர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். ஒவ்வொரு மோட்டாராகப் போனார். மாமன்மாரில் கதவு திறந்திருக்கிற பெட்டி சின்ன மாமன்தான். அன்றைக்கும் சட்டைப் பொத்தானைப் போடவில்லை. நீல மோட்டார் நாலில் கடைசி, ஒலக்கூர் அத்தை மகள், உன்னை விசாரித்தாள். இங்கே பந்தி, சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைவு, யாரிடமும் சொல்லாதே. பழனி இடையிடையே கேள்வி கேட்டான். இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் ஒரே மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கோப்பு ஏறும்போது மூடுவது போலவே.

பத்தாவது படம் வந்தது. மணமகளின் அண்ணன் பொரி இடுதல் என்று தலைப்பு. முறைப்படி அந்தச் சடங்கு வரும் என்பதால் ஏழுமலை தலைப்பை மட்டும் சொல்லியிருந்தார். பழனி தயங்கினான்.

"இதுல மோட்டாரே இல்லியேப்பா. வெறும் மேடைதான் இருக்குது."

ஏழுமலை அந்தக் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரியாத்தான்டா இருக்குது" என்றார். "உன் சித்தப்பா பையன நிக்கச் சொன்னாங்க. நான் வாணான்னுட்டேன். அந்த எடம் அப்பிடியேதான் இருந்துச்சு."

இந்த முறை மஸ்கட்டில் யாரும் சிரிக்கவில்லை.  பிறகு பழனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அடுத்த மோட்டாரச் சொல்லு" என்றான். இருபத்து நான்கும் முடியும்வரை போனை அவன் வைக்கவில்லை. கடைசியில் அம்மாவைக் கூப்பிடச் சொல்லவும் மறந்துவிட்டான். அதற்காக அவன் அம்மா ரொம்ப நாள் கோபமாக இருந்தாளாம்.

மறுநாள் சார் விழுப்புரத்திலிருந்து இரண்டு ஸ்டிக்கர்கள் அச்சடித்துக்கொண்டு வந்தார். திரையின் ஒரு பக்கம் 'பிறந்த வீடு', மறுபக்கம் 'புகுந்த வீடு' என்று ஒட்டினார். விழுப்புரத்தில் ஒரு விதமாக, திண்டிவனத்தில் அதற்கு நேர் எதிராக. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சர்வர் என்ற சொல்லையே மறந்தார்கள். புகுந்த வீட்டில் இடம் நிறைந்துவிட்டது, புகுந்த வீடு இன்று பேசமாட்டேன் என்கிறது, புகுந்த வீட்டில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு எங்கள் கடையில் எல்லோருக்கும் குடும்பத்தில் பிரச்சினை என்று தோன்றியிருக்கும்.

ஃபிலிம் கழுவி வந்ததும் ஆல்பத்தை ஸ்கேன் செய்து முறையாக ஏற்றினோம். ஆனால் பாலைவன வேலை முடிந்து மஸ்கட் திரும்பியதும், மோட்டார் பக்கத்தை எடுத்துவிட வேண்டாம் என்று பழனி சொல்லி அனுப்பினான். அவர்கள் தங்கும் கேம்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் தங்கச்சி கல்யாணத்தைச் சொல்கிறானாம். ஒரு குறை வந்தது பம்ப்செட் கடைக்காரரிடமிருந்துதான்: தன் சரக்கைக் காட்டியிருக்கிறோம், கடைப் பெயரைப் போடவில்லையே என்றார். அதையும் கீழே போட்டோம். 'படங்கள் உதவி' என்று.

சில வருடங்கள் கழித்து வலைத்தள வேலை குறைந்து, கடை ஜெராக்ஸ் கடையோடு ஒன்றாகி, நானும் கிளம்பும் நாள் வந்தது. சர்வர் ஒப்பந்தம் முடியுமுன் எல்லாவற்றையும் இறக்கி அவரவரிடம் கொடுக்க வேண்டும் என்பது சாரின் கடைசி உத்தரவு. பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடாதாம். ஏழுமலை வீட்டு மோட்டார்களை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு நானே மயிலம் பக்கம் போனேன். பழனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டிருந்தான்.

கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து வந்த முதல் விடுப்பிலேயே அவன் அந்தத் திண்டிவனத்துக் கடைக்குப் போய், படத்தைக் காட்டி, இதே ஆள்தான் வேண்டும் என்று வாங்கி வந்தது. குட்டையாக, நெற்றியில் ஐந்து ஹெச்பி. போன வார மாலை ஒன்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. நான் வலது கையை நீட்டி, இடது கையை முழங்கையில் வைத்து, பென் டிரைவைப் பழனியிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"எப்பா, மாப்பிள்ளைய நிறுத்து. வெப்சைட்டு மேடம் வந்திருக்காங்க."

வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து ஒருவர் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஆல்பத்தில் பார்த்த முகம். அந்த வீட்டு உண்மையான மாப்பிள்ளை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.